இரண்டாம் டிவிஷனுக்கு இறங்காத கிளப் வேண்டுமா: ஆர்சனல், எவர்டன், இன்டர், அத்லெடிக்

உலகக் கோப்பை முடிந்த கையோடு பலர் கேட்கிற கேள்வி இது: "வருஷம் முழுக்கப் பார்க்க ஒரு கால்பந்து கிளப் சொல்லுங்க. ஆனா பாதியில ரெண்டாம் டிவிஷனுக்குப் போயிடக் கூடாது." கேட்பவர் பெரும்பாலும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர். 2025 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தது. அதற்காக யாரும் அதை வேறு லீகுக்கு அனுப்பிவிடவில்லை. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது. இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி மூன்று நாடுகளிலும் முதல் டிவிஷனில் 20 அணிகள். கடைசி மூன்று இடங்களில் முடிப்பவை அடுத்த சீசனைக் கீழ் டிவிஷனில் ஆட வேண்டும். அதுதான் ரெலிகேஷன். டிவி உரிமைப் பணம் சரியும், நல்ல ஆட்டக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் நமக்கு மேட்ச் பார்ப்பதே பெரும்பாடாகிவிடும். ஆகவே கேட்பவரின் நிபந்தனை நியாயமானதுதான்.

ஆனால் "எத்தனை வருஷமாக மேலே இருக்கிறது" என்ற எண்ணை மட்டும் பார்த்து கிளப்பைத் தேர்ந்தெடுத்தால் பிறகு வருத்தப்பட வேண்டியிருக்கும். நூறு வருஷம் மேலேயே இருந்தோம் என்று சொல்பவர்களில் ஒருவரைப் பணம் காப்பாற்றியிருக்கும், இன்னொருவரை மீட்டிங்கில் விழுந்த ஓட்டு காப்பாற்றியிருக்கும், வேறொருவரைக் கடைசி நாளில் விழுந்த ஒரு கோல் காப்பாற்றியிருக்கும். எப்படித் தப்பித்தார்கள் என்பதைப் பார்த்தால்தான் அந்த கிளப்போடு நாம் எப்படிப்பட்ட வருஷங்களைக் கழிக்கப்போகிறோம் என்பது புரியும்.

முதலில் யாரை விட்டுவிடலாம் என்று பார்ப்போம். ஸ்பெயினின் முதல் டிவிஷனான லா லிகா 1929இல் தொடங்கியது. அன்று முதல் ஒரு முறைகூட இறங்காதவை மூன்று: ரியல் மாட்ரிட், பார்சலோனா, பில்பாவ் நகரத்து அத்லெடிக் கிளப். முதல் இரண்டையும் யாரும் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவையும் ஒரு காலத்தில் ஆட்டம் கண்டவைதான் என்பது மட்டும் கூடுதல் சுவாரசியம். 1941-42 சீசனில் பார்சலோனா ஸ்பெயின் கோப்பையை வென்றது. அதே சீசனில் லீகில் 12ஆம் இடத்தில் முடித்து, மேலேயே இருப்பதற்காக ரியல் முர்சியாவோடு ஒற்றை ஆட்டம் ஆடி 5-1 என்று ஜெயித்தது. 1947-48இல் ரியல் மாட்ரிட் 14 அணிகளில் 11ஆவது. இன்றைக்கு அந்த இரண்டு கிளப்களின் பணபலத்தைப் பார்த்தால் இதெல்லாம் கட்டுக்கதை மாதிரி இருக்கும். ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கும் இதே ரகம். 1965இல் மேலே வந்தது, இறங்கவே இல்லை, இறங்கப்போவதாகவும் தெரியவில்லை. போர்ச்சுகலில் பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங் மூன்றும் அப்படித்தான். இவற்றில் ஒன்றுதான் வேண்டுமென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒப்பீடே தேவையில்லை.

இங்கிலாந்தில் பெரிய பெயர்களை நம்பிப் போனால் சில ஆச்சரியங்கள் காத்திருக்கின்றன. மான்செஸ்டர் யுனைடெட் 1974இல் இறங்கியது. ஐரோப்பியக் கோப்பையை வென்று ஆறே வருஷம்தான் ஆகியிருந்தது. டாட்டன்ஹம் 1977இல் இறங்கியது. செல்சி மேலே தொடர்ந்து இருப்பது 1989 முதல்தான். லிவர்பூல் 1962 முதல். இவை எல்லாவற்றையும்விட நீளமான கணக்கு வைத்திருப்பவை இரண்டு: 1919 முதல் ஆர்சனல், 1954 முதல் எவர்டன்.

ஆர்சனலுக்கு 2024-25 தொடர்ச்சியான 99ஆவது சீசன் (இரண்டாம் உலகப்போரில் லீக் நிறுத்தப்பட்ட ஏழு சீசன்களைக் கழித்துத்தான் இந்தக் கணக்கு). இங்கிலாந்தில் இதற்கு இணையே இல்லை. ஆனால் அந்தத் தொடர்ச்சி ஆரம்பித்த விதம் கொஞ்சம் நெருடலானது. முதல் உலகப்போருக்கு முன் நடந்த கடைசி சீசனான 1914-15இல் ஆர்சனல் இரண்டாம் டிவிஷனில் ஐந்தாம் இடம். போர் முடிந்ததும் முதல் டிவிஷனை 20இலிருந்து 22 அணிகளாக்க முடிவெடுத்தார்கள். கீழிருந்து டார்பி கவுன்டி, பிரெஸ்டன் என்ற இரண்டு கிளப்களும் முறைப்படி ஏறின. மேலே கடைசி இரண்டு இடங்களில் இருந்தவை செல்சியும் டாட்டன்ஹமும். செல்சியை அப்படியே வைத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த ஒரு இடம் டாட்டன்ஹமுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, ஓட்டெடுப்பு வைத்தார்கள். ஆர்சனலுக்கு 18, டாட்டன்ஹமுக்கு 8. ஐந்தாம் இடத்துக்காரர் மேலே போக, ஏற்கெனவே மேலே இருந்தவர் கீழே போனார்.

அப்போது ஆர்சனலின் தலைவர் சர் ஹென்றி நோரிஸ். லண்டனின் தென்கிழக்கு மூலையிலிருந்த கிளப்பை 1913இல் வடக்கே ஹைபரிக்கு, டாட்டன்ஹமின் வாசலுக்கே கொண்டுவந்தவரும் அவர்தான். லீகில் ஆர்சனல் நீண்ட காலமாக இருக்கிறது, விசுவாசமான கிளப் என்று லீக் தலைவர் ஜான் மெக்கென்னா பேசினார் என்பது பதிவு. காசு கைமாறியது என்பது டாட்டன்ஹம் ரசிகர்களின் நூறு வருஷத்துச் சந்தேகம். ஆதாரம் எதுவும் இதுவரை வெளிவரவில்லை. நோரிஸ் பிற்பாடு, 1920களின் இறுதியில், வேறு பண முறைகேடுகளுக்காகக் கால்பந்திலிருந்தே தடை செய்யப்பட்டார் என்பது அந்தச் சந்தேகத்துக்கு நன்றாகத் தீனி போட்டது. இந்த இரண்டு கிளப்களும் மோதும் வடக்கு லண்டன் டார்பியில் இன்றைக்கும் கேட்கிற சத்தத்தில் ஒரு பங்கு அந்த 18 ஓட்டுகளுடையது. டாட்டன்ஹம் மறு வருஷமே இரண்டாம் டிவிஷனை வென்று ஏறி வந்துவிட்டது, அது வேறு கதை.

ஏறிவந்த பிறகாவது ஆர்சனல் நிம்மதியாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 1923-24இல் 19ஆம் இடம், இறங்கிய அணியைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். மறு வருஷம் 20ஆம் இடம். 1925இல் ஹெர்பர்ட் சாப்மன் மேனேஜராக வந்த பிறகுதான் இன்று நாம் அறிந்த ஆர்சனல் உருவானது, 1930இல் எஃப்.ஏ. கோப்பை, 1931இல் லீக். அதற்குப் பிறகு பயப்படும்படி இருந்தது 1970களின் நடுவில், 16, 17ஆம் இடங்களில் முடித்த இரண்டு சீசன்கள்தான். பிரீமியர் லீக் (இங்கிலாந்தின் இன்றைய முதல் டிவிஷன்) காலத்தில் அவர்களின் ஆக மோசமான முடிவு 1994-95இல் பிடித்த 12ஆம் இடம். 2003-04இல் ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் லீகையே வென்றார்கள்.

எனவே ஆர்சனல் எடுத்தால் ரெலிகேஷன் பற்றி மே மாதத்தில் தூக்கம் கெடாது. பட்டம் கிடைக்குமா என்ற கவலைதான் இருக்கும்; அந்தக் கவலை வேறு மாதிரிக் கொல்லும் என்பதை எந்த ஆர்சனல் ரசிகரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நம் ஊரில் சேர்ந்து பார்க்க ஆள் கிடைப்பதும் சுலபம்.

எவர்டன் இதற்கு நேர் எதிர். 1888இல் ஃபுட்பால் லீக் தொடங்கியபோது இருந்த 12 கிளப்களில் ஒன்று. அதிலிருந்து இன்றுவரை முதல் டிவிஷனில் இல்லாமல் போனது மொத்தமே நான்கு சீசன்: 1930-31, அப்புறம் 1951 முதல் 1954 வரை மூன்று. இங்கிலாந்தில் வேறு எந்த கிளப்பும் முதல் டிவிஷனில் இத்தனை சீசன் ஆடியதில்லை. தொடர்ச்சியில் ஆர்சனல் முன்னால், மொத்தத்தில் எவர்டன் முன்னால். ஒன்பது லீக் பட்டங்களும் உண்டு. கடைசி பட்டம் 1987இல், கடைசி கோப்பை 1995இல். அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் பெரும்பாலும் தப்பித்த கதைகள்தான்.

அவற்றில் 1994 மே 7ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கடைசி நாள், குடிசன் பார்க் மைதானம், எதிரே விம்பிள்டன். ஜெயித்தே ஆக வேண்டும், அதுவும் போதுமா என்பது வேறு மைதானங்களின் முடிவைப் பொறுத்தது. பார்க் எண்ட் பக்கத்து ஸ்டாண்டை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் சுவரே இல்லாத மாதிரித் திறந்து கிடந்தது. டிக்கெட் கிடைக்காதவர்கள் மரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். 20 நிமிடத்துக்குள் எவர்டன் 0-2. இரண்டாவது கோல் சொந்த ஆட்டக்காரரே தன் வலைக்குள் அடித்துக்கொண்டது. கிரஹாம் ஸ்டூவர்ட் பெனால்ட்டியில் ஒன்றைத் திருப்பினார். இரண்டாம் பாதியில் பாரி ஹார்ன். நடுக்களத்தில் ஓடி ஓடி உழைப்பவர், கோல் அடிப்பதற்குப் பேர் போனவரே இல்லை. தூரத்திலிருந்து ஒரு பந்தை வெளுத்தார், அது மேல் மூலையில் போய் விழுந்தது. 2-2. ஒன்பது நிமிடம் மிச்சமிருக்கும்போது ஸ்டூவர்ட் மறுபடி அடித்தார். அழகான ஷாட் இல்லை, தரையோடு தத்தித் தத்திப் போனது, கோல்கீப்பர் கைக்கு எட்டாமல் உள்ளே போய்விட்டது. 3-2. அதே நேரத்தில் செல்சியிடம் கடைசி நிமிடத்தில் கோல் வாங்கிய ஷெஃபீல்ட் யுனைடெட் இறங்கியது.

நான்கே வருஷத்தில் மறுபடியும் அதே பாடு. 1998இல் கடைசி நாளில் கவன்ட்ரியோடு 1-1. போல்டனுக்கும் எவர்டனுக்கும் 40 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் எவர்டன் தப்பியது. 2022இல் கிரிஸ்டல் பேலஸிடம் 0-2 என்று பின்தங்கி 3-2 என்று ஜெயித்தார்கள், 85ஆவது நிமிடத்தில் டொமினிக் கால்வெர்ட்-லூயின் தாவித் தலையால் முட்டிய கோல். 2023இல் கடைசி நாள், எதிரே பார்ன்மத், அப்துலாய் டுகூரே அடித்த ஒரே கோல். 36 புள்ளிகளோடு எவர்டன் மேலே, 34 புள்ளிகளோடு லெஸ்டர் கீழே. அதற்கடுத்த சீசனில் செலவு விதிகளை மீறியதற்காகப் பத்துப் புள்ளிகளைப் பிடுங்கினார்கள். மேல்முறையீட்டில் அது ஆறானது, பிறகு இன்னொரு வழக்கில் இரண்டு சேர்ந்து எட்டானது. எட்டுப் புள்ளி போயும் 15ஆவது இடத்தில் முடித்தார்கள் என்பதை அந்த கிளப்பின் அண்மைக்காலச் சாதனையாகவே சொல்லலாம், கோப்பை இல்லாவிட்டாலும்.

1892 முதல் ஆடிவந்த குடிசன் பார்க்கை ஆண்கள் அணி 2025 மே மாதம் காலி செய்தது. இப்போது மெர்சி ஆற்றங்கரையில், பழைய பிராம்லி-மூர் துறையில் கட்டிய புது மைதானம். பெரிய மைதானம், கூடுதல் வருமானம், புது முதலாளிகள். இனி கொஞ்சம் மூச்சுவிடலாம் என்று ரசிகர்கள் நம்புகிறார்கள். ஆனால் நான் இங்கே ஒப்பிடும் நான்கில் இறங்கும் வாய்ப்பு அதிகமுள்ளது எவர்டன்தான். இறங்கவே கூடாது என்பது உங்களுக்கு இரும்பு நிபந்தனை என்றால் இதைத் தொடாதீர்கள். சும்மா சாதாரணமாக 11ஆம் இடத்தில் முடிக்கிற ஒரு சீசனை வரம் போல வாங்கிக்கொள்ளும் மனசு இருந்தால் மட்டும் வாருங்கள்.

இத்தாலிக்குப் போவோம். அங்கே முதல் டிவிஷனான செரி ஆ இன்றைய வடிவில் தொடங்கியது 1929-30இல். அன்றிலிருந்து ஒரு சீசன்கூட விடாமல் ஆடியது இன்டர் ஒன்றுதான். ஏசி மிலான் 1980இல் பந்தய ஊழலுக்காகக் கீழே தள்ளப்பட்டது, ஏறிவந்து 1982இல் ஆடியே மறுபடி இறங்கியது. யுவென்டஸ் 2006இல் நடுவர் நியமன ஊழலில் கீழே அனுப்பப்பட்டது; அந்த ஆண்டின் பட்டம் இன்டருக்கு வந்தது. "நாங்கள் பி டிவிஷனைப் பார்த்ததே இல்லை" என்று இன்டர் ரசிகர்கள் அப்போதிலிருந்து பேனர் பிடிக்கிறார்கள். யுவென்டஸ்காரர்கள் சும்மா இருப்பார்களா? 2011இல் இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பின் வழக்குத்தொடுநர் தன் அறிக்கையில் இன்டரின் நடத்தையையும் குறை சொன்னார், காலம் கடந்துவிட்டதால் விசாரணை நடக்கவில்லை என்று எடுத்துப் போடுவார்கள். அதற்கும் முந்திய கதை ஒன்றையும் கிளறுவார்கள். 1921-22இல் இத்தாலிய லீக் இரண்டாகப் பிளந்து கிடந்தது. இன்டர் தன் குழுவில் கடைசி. பிளவை ஒட்டவைக்க ஒரு சமரசம் பண்ணியபோது, தகுதி ஆட்டங்கள் ஆடி மேலே இருக்கும் வாய்ப்பு இன்டருக்குக் கிடைத்தது. ஆடி ஜெயித்தார்கள். ஆனால் சமரசம் நடக்காமல் இருந்திருந்தால்?

எனக்கு இன்டர் கதையில் பிடித்த சீசன் 1993-94. லீகில் 18 அணிகளில் 13ஆம் இடம். இறங்கிய பியசென்ஸாவைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். அதே சீசனில் ஐரோப்பிய கிளப்களுக்கான யுஇஎஃப்ஏ கோப்பையை (இன்றைய யூரோப்பா லீக்) வென்றார்கள். பெரிய கிளப் என்றால் சரிவும் ஒரு தினுசாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. 2024-25இல் டாட்டன்ஹம் அதையே செய்து காட்டியது, லீகில் 17ஆம் இடம், கையில் யூரோப்பா லீக் கோப்பை.

இன்டருக்கு ஆட்டத்தைவிடக் கணக்குப் புத்தகம்தான் ஆபத்து. மொராட்டி குடும்பத்திடமிருந்து 2013இல் இந்தோனேசிய முதலாளிக்கு, 2016இல் சீனாவின் சுனிங்குக்கு, 2024 மே மாதம் கடனைத் திருப்பிக் கட்டாததால் அமெரிக்காவின் ஓக்ட்ரீ நிதி நிறுவனத்துக்கு என்று கை மாறிக்கொண்டே இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் 2024இல் 20ஆவது லீக் பட்டம், அதுவும் மிலானோடு ஆடிய டார்பியில் உறுதி செய்தது. 2025இல் சாம்பியன்ஸ் லீக் இறுதி, அங்கே பாரிஸ் அணியிடம் 0-5 என்று வாங்கிக்கட்டிக்கொண்டது. கோப்பையும் வேண்டும், இறங்கவும் கூடாது, கொஞ்சம் வம்புப் பேச்சும் வேண்டும் என்பவருக்கு இன்டர் மாதிரிப் பொருத்தம் வேறு இல்லை.

அத்லெடிக் பக்கம் போவதற்கு முன் ஹாம்பர்க்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியின் முதல் டிவிஷனான புண்டஸ்லிகா 1963இல் தொடங்கியபோது சேர்ந்த கிளப்களில் ஒரு முறைகூட இறங்காமல் மிஞ்சியது ஹாம்பர்க் மட்டும். 1983இல் ஐரோப்பியக் கோப்பையையே வென்ற அணி. "டைனோசர்" என்பது செல்லப்பெயர். மைதானத்தில் டைனோசர் வேஷம் போட்டு ஒருவர் சுற்றுவார். 2001இல் மைதானத்தின் ஒரு மூலையில் பெரிய டிஜிட்டல் கடிகாரம் வைத்தார்கள். முதல் டிவிஷனில் இருந்த வருஷம், நாள், மணி, நிமிடம், நொடி எல்லாம் அதில் ஓடும். எதிரணி ரசிகர்களுக்கு அதைவிட நல்ல கேலிப் பொருள் வேண்டுமா?

ஜெர்மனியில் 16ஆம் இடத்துக்காரர் கீழ் டிவிஷனின் மூன்றாம் இடத்துக்காரரோடு இரண்டு ஆட்டம் ஆடிப் பிழைக்கலாம். 2014இல் ஹாம்பர்க் அந்த இரண்டு ஆட்டங்களையும் டிரா செய்து, வெளியூரில் அடித்த ஒரு கோலால் பிழைத்தது (சமன் என்றால் வெளியூர் கோலுக்கு மதிப்பு அதிகம் என்பது அப்போதைய விதி). 2015இல் கார்ல்ஸ்ரூஹெவில் 90 நிமிடம் முடிந்து தோற்கும் நிலையில், மார்செலோ டியாஸ் ஒரு ஃப்ரீ கிக்கை நேராக வலைக்குள் போட்டார். கூடுதல் நேரத்தில் ஜெயித்தார்கள். 2017இல் கடைசி நாளில் வால்ட்ஷ்மிட் 88ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி வோல்ஃப்ஸ்பர்க்கைத் தோற்கடித்தார். இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்திருப்பார்கள். 2018 மே 12, கடைசி நாள் ஆட்டத்தில் மன்ஷன்கிளாட்பாக்கை 2-1 என்று ஜெயித்தும் பயனில்லை, வோல்ஃப்ஸ்பர்க் தன் ஆட்டத்தை வென்றுவிட்டது. ரசிகர் கூட்டத்தின் ஒரு பகுதி தீப்பந்தங்களையும் புகைக் குண்டுகளையும் களத்தில் வீச, ஆட்டம் கால் மணி நேரம் நின்றது. கடிகாரம் 54 வருஷம் 261 நாள் காட்டியது. திரும்பி ஏறுவதற்கு ஏழு சீசன் ஆனது, 2025இல்தான் முடிந்தது. கடிகாரத்தை 2019இலேயே கழற்றிவிட்டார்கள்.

ஹாம்பர்க்கைப் பார்த்து நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் இது: தப்பித்ததும் அந்த கிளப் என்ன மாற்றியது? ஹாம்பர்க் அந்த வருஷங்களில் பயிற்சியாளர்களைத்தான் மாற்றிக்கொண்டே இருந்தது. தென் அமெரிக்காவிலும் இதையே பார்க்கலாம். அர்ஜென்டினாவில் ஒரு சீசன் சறுக்கினால் பெரிய கிளப் இறங்கிவிடக் கூடாது என்பதற்கு வசதியாக, பல சீசன்களின் சராசரிப் புள்ளியை வைத்து ரெலிகேஷன் தீர்மானிக்கும் முறை 1983இல் வந்தது. அந்த வருஷம் கடைசிக்கு முந்திய இடத்தில் முடித்த ரிவர் பிளேட் அதனால் பிழைத்தது. 2011இல் அதே சராசரிதான் ரிவர் பிளேட்டை பெல்கிரானோவுக்கு எதிரான பிழைப்பு ஆட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தி, 110 வருஷ வரலாற்றில் முதல் முறையாகக் கீழே அனுப்பியது. போகா ஜூனியர்ஸ் இன்றுவரை இறங்கவில்லை. அதைத் தேர்ந்தெடுக்க ஆசை இருந்தாலும், நம் நேரத்துக்கு மேட்ச் விடியற்காலையில் வரும் என்பதால் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

இனி அத்லெடிக். ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையின் இரு பக்கமும் பரந்திருக்கும் பாஸ்க் பகுதியில் பிறந்தவர் அல்லது அங்கே கால்பந்து கற்று வளர்ந்தவர் மட்டும்தான் ஆடலாம். இது 1912 முதல் நடக்கிற வழக்கம். எழுதிவைத்த சட்டம்கூட இல்லை, ஆனால் மீறுவதில்லை. ஸ்பெயின் பக்கம், பிரான்ஸ் பக்கம் எல்லாம் சேர்த்தாலும் பாஸ்க் மக்கள்தொகை சுமார் 30 லட்சம். சென்னை நகரத்தைவிடக் குறைவு. அந்தக் கூட்டத்திலிருந்து மட்டும் ஆள் எடுத்து, உலகம் முழுக்க வலை வீசும் மாட்ரிட், பார்சலோனாவோடு ஒரே டிவிஷனில் 1929 முதல் இறங்காமல் நிற்கிறார்கள். எட்டு லீக் பட்டம் வேறு, கடைசியாக 1984இல்.

இதன் கஷ்டம் எங்கே தெரியும் என்றால் ஜனவரியில். மற்ற கிளப்கள் புள்ளிப்பட்டியலில் கீழே சறுக்கினால் ஜனவரி மாதச் சந்தையில் பிரேசிலிலிருந்தோ நைஜீரியாவிலிருந்தோ ஒரு கோல் அடிப்பவரை அவசரமாக வாங்கிவந்துவிடலாம். அத்லெடிக்கால் முடியாது. பணம் இருக்கும், 2018இல் தடுப்பாட்டக்காரர் லாபோர்ட்டை 65 மில்லியன் யூரோவுக்கும், கோல்கீப்பர் கெபாவை 80 மில்லியன் யூரோவுக்கும் விற்றார்கள். ஆனால் அந்தப் பணத்தைக் கொண்டுபோய் வாங்கத் தகுந்த பாஸ்க் ஆட்டக்காரர் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார், அவரையும் அக்கம்பக்கத்து கிளப் லேசில் விடாது. ஆகவே 1971இல் திறந்த லெஸாமா பயிற்சி வளாகம்தான் அவர்களுக்குச் சந்தை. இன்று பதினாறு வயதில் இருப்பவன் நான்கு வருஷம் கழித்து அணியைக் காப்பாற்ற வேண்டும் என்ற கணக்கில் ஓடுகிற கிளப். லாபோர்ட் 2025இல் திரும்பியே வந்துவிட்டார்.

விழுந்துவிடுவோமோ என்ற பயமும் அவர்களுக்கு வந்திருக்கிறது. 2006-07 சீசனின் கடைசி நாளில், சான் மாமேஸ் மைதானத்தில் லெவான்டேயை 2-0 என்று வென்று 17ஆம் இடத்தில் தப்பித்தார்கள். அதே நாளில் இறங்கியவர்களில் ஒன்று பக்கத்து ஊர் சான் செபஸ்தியானின் ரியல் சோசியதாத். அவர்களும் முன்பு பாஸ்க் ஆட்டக்காரர்களை மட்டுமே எடுத்தவர்கள். 1989இல் அயர்லாந்துக்காக ஆடிய ஜான் ஆல்ட்ரிட்ஜை வாங்கி அந்த வழக்கத்தை விட்டவர்கள். வழக்கத்தை விட்டால் பாதுகாப்பு என்று அப்போது சொன்னவர்களுக்கு 2007 நல்ல பதில். ஒரே ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டு பெரிதாகப் பேசக் கூடாதுதான்; ஆனாலும் பில்பாவ் ரசிகர்கள் பேசாமல் இருக்க முடியுமா?

வழக்கம் இறுக்கமானது என்றாலும் மனம் குறுகியதில்லை என்பதற்கு வில்லியம்ஸ் சகோதரர்களைச் சொல்ல வேண்டும். பெற்றோர் கானாவிலிருந்து சஹாரா பாலைவனத்தைக் கடந்து வந்தவர்கள். மூத்தவர் இன்யாகி பில்பாவிலேயே பிறந்தார். 2016 முதல் 2023 வரை ஒரு லீக் மேட்ச்கூடத் தவறாமல் தொடர்ச்சியாக 251 ஆட்டங்களில் ஆடி ஸ்பெயினில் சாதனை வைத்தவர். தம்பி நிகோவைப் பெரிய கிளப்கள் வலைவீசித் தேடியபோது, 2025 ஜூலையில் 2035 வரை ஒப்பந்தத்தை நீட்டித்தார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து 2024 ஏப்ரலில் ஸ்பெயின் கோப்பையை வாங்கித் தந்தார்கள். மயோர்காவோடு 1-1, பிறகு பெனால்ட்டி. 40 வருஷம் கழித்து வந்த பெரிய கோப்பை. பழைய வழக்கப்படி கபாரா என்ற சரக்குப் படகில் அணியை ஏற்றி ஆற்றில் ஊர்வலம் விட்டார்கள். இரு கரையிலும் லட்சக்கணக்கில் ஜனம். கோப்பை கிடைக்காத வருஷங்களில் அந்தப் படகு சும்மா கட்டிக் கிடக்கும். 1984க்கும் 2024க்கும் நடுவில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறையே அதன் ஊர்வலத்தைப் பார்க்காமல் ஏங்கிக் கிடந்தது.

சான் மாமேஸைப் பற்றி இன்னும் ஒன்று. அங்கே முதல் முறையாக ஆட வரும் அணியின் கேப்டன், பிசிச்சி என்ற பழைய ஆட்டக்காரரின் மார்பளவுச் சிலைக்குப் பூங்கொத்து வைத்துவிட்டுத்தான் களத்தில் இறங்குவார். 1922இல் இளம் வயதிலேயே இறந்துபோனவர் அவர். லா லிகாவில் அதிக கோல் அடிப்பவருக்குத் தரும் விருது அவர் பெயரில்தான். கிளப் இன்றுவரை உறுப்பினர்களின் சொத்து. நாளைக்கு ஒரு எண்ணெய் முதலாளி வந்து வாங்கிவிடுவாரோ என்ற பயம் இல்லை. எவர்டனும் இன்டரும் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு இதை நான் பெரிய பலமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

எனவே என் ஓட்டு அத்லெடிக்குக்கு. மேலேயே இருப்பதை இவர்கள் விலைக்கு வாங்கவில்லை, ஓட்டிலும் பெறவில்லை, தங்கள் கைகளைத் தாங்களே கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஆபத்து உண்டு, ஆனால் பதற்றத்தில் தாறுமாறாகச் செலவு செய்து குழியில் விழும் ஆபத்து குறைவு. பட்டம் அடிக்கடி வராது. 2024-25இல் நான்காம் இடம் பிடித்துச் சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதி பெற்றார்கள். அதுவே அங்கே திருவிழா.

உங்கள் தூக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பிரீமியர் லீகின் சனிக்கிழமை ஆட்டங்கள் குளிர்காலத்தில் நமக்கு மாலை 6 மணி, இரவு 8.30, 11 என்று வரும். குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். ஸ்பெயினில் இரவு 9 மணி ஆட்டம் என்றால் நமக்கு அப்போது நள்ளிரவு 1.30. இத்தாலியின் இரவு ஆட்டம் 1.15. காலையில் சீக்கிரம் வேலைக்குப் போகிறவர், தனியாக உட்கார்ந்து பார்க்கப் பிடிக்காதவர், ஆர்சனலை எடுப்பதே புத்திசாலித்தனம். இங்கிலாந்துதான் வேண்டும், ஆனால் கூட்டத்தோடு கூட்டமாக ஆர்சனல் வேண்டாம், நெஞ்சு பலமும் உண்டு என்றால் எவர்டன். ஜெயிக்கிற அணியாகவும் இருக்க வேண்டும் என்பவர் இன்டர் பக்கம் போகலாம், யுவென்டஸ் ரசிகரான நண்பர் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.

அத்லெடிக் என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரே எச்சரிக்கை. இணையத்தில் தேடும்போதும் ஜெர்ஸி வாங்கும்போதும் மாட்ரிடின் அத்லெதிகோ குறுக்கே வரும். அதே சிவப்பு வெள்ளைப் பட்டை. 1903இல் மாட்ரிடில் படித்துக்கொண்டிருந்த பாஸ்க் மாணவர்கள் பில்பாவ் கிளப்பின் கிளையாக ஆரம்பித்ததுதான் அது. பிறகு தனியாகப் பிரிந்தது. பெயரையும் சட்டையையும் பார்த்து மாற்றி வாங்கிவிடாதீர்கள். அந்த அணி 2000இல் இறங்கி, இரண்டு சீசன் கீழே ஆடிவிட்டுத்தான் ஏறியது.